300 மி.மீ. லென்ஸில் நிலவும் வியாழனும்: குமரி மாவட்டத்திலிருந்து எடுப்பவர்களுக்கான இணைய மன்ற இழை

தோவாளைக்காரன் (11 ஜனவரி 2026)

அனைவருக்கும் வணக்கம். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் சந்தையில் இருக்க வேண்டும் என்பதால், ஊரில் மற்றவர்கள் தூங்கும் நேரத்து வானத்தை நான் தினமும் பார்க்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த மாமா, இனித் தனக்குப் பயன்படாது என்று ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டார். 24 மெகாபிக்சல் கேமரா, கூடவே 18-55, 55-300 என்று இரண்டு லென்ஸ்கள்.

கடந்த 3ஆம் தேதி, திருவாதிரைப் பௌர்ணமி இரவில், மொட்டை மாடியில் நின்று நிலவை இருபது படங்கள் எடுத்தேன். இருபதிலும் நிலவு பொரித்த பப்படம் போல வெறும் வெள்ளை வட்டமாகத்தான் விழுந்திருக்கிறது. பப்படத்திலாவது குமிழ்கள் இருக்கும், இதில் அதுவும் இல்லை. மறுநாள் சந்தைக்குப் போகும் வழியில் மேற்கே சாய்ந்து மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்த வியாழனை எடுத்துப் பார்த்தேன். புழு நெளிந்தது போல ஒரு கோடு மட்டும் வந்தது.

லென்ஸ் விற்கும் கடை ஒன்றில் கேட்டபோது, ஒரு இலட்சத்துக்கு மேல் செலவழித்து 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால்தான் வானத்துப் பொருள்களை எடுக்க முடியும் என்றார்கள். அது உண்மையா? கையில் இருப்பதை வைத்து எதுவுமே முடியாதா?

வடசேரி ஸ்டுடியோ (11 ஜனவரி 2026)

தம்பி, கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் படம் கெட்டது லென்ஸால் அல்ல, கேமராவைத் தானியங்கி முறையில் விட்டதால். சட்டகம் முழுவதும் கருப்பு, நடுவில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி என்றால், கேமரா அந்தக் கருப்பைப் பார்த்து "இருட்டாக இருக்கிறது, நிறைய ஒளியை விட வேண்டும்" என்று முடிவு செய்கிறது. கருப்புப் பட்டுச் சேலை உடுத்திய பெண்ணின் முகம் கல்யாணப் படத்தில் வெளிறிப்போவதும் இதே காரணத்தால்தான். முப்பது ஆண்டுகளாக அதோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிலிம் காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எஃப் என்பது லென்ஸின் துளை (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ ஒளிக்கான உணர்திறன், ஷட்டர் ஒளி நுழையும் நேரம். முழு நிலவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி. ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. அரை நிலவுக்கு எஃப் 5.6, மெல்லிய பிறைக்கு எஃப் 4, மற்றவை அப்படியே. துளையை எஃப் 8இல் நிறுத்திக்கொள்ள விரும்பினால் அரை நிலவுக்கு ஐஎஸ்ஓ 200, 1/100 என்று வைத்துத் தொடங்குங்கள். பெரும்பாலான மலிவான ஜூம் லென்ஸ்கள் முழுக்கத் திறந்திருப்பதைவிட எஃப் 8இல்தான் கூர்மையாக வரையும்.

வியாழன் புழுவானதற்குக் காரணம் உங்கள் கை. முக்காலி இல்லாவிட்டால் சந்தையில் ஒரு பூச்சாக்கின் மீதாவது கேமராவைச் சாய்த்து வையுங்கள். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் விடுங்கள். முக்காலியில் ஏற்றிய பின் லென்ஸிலுள்ள அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுங்கள், சில பழைய லென்ஸ்களில் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும். ஃபோகஸைக் கையால் செய்ய வேண்டும். வளையத்தில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாதீர்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கி, நிலவின் விளிம்பு கத்தி வெட்டியது போல வரும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள்.

தக்கலை டீச்சர் (12 ஜனவரி 2026)

ஸ்டுடியோக்காரர் சொன்ன வாய்ப்பாடு ஏன் வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் மனத்தில் நிற்கும். நமக்கு இரவு என்றாலும், நிலவின் ஒளிரும் பக்கத்தில் அது நண்பகல். அங்கே கிடப்பது சூரிய வெயில் படும் பாறையும் தூசியுமே. அதன் மீது விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் நிறத்தோடு அதை ஒப்பிடலாம். ஆகவே உச்சிவெயிலில் தார்ச்சாலையை எடுக்க எவ்வளவு ஒளி வேண்டுமோ அவ்வளவுதான் நிலவுக்கும் வேண்டும்.

இன்னொன்று: பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்ததே முதல் தவறு. அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நிலவை நேராக அடிக்கிறது, எந்தப் பள்ளத்துக்கும் நிழல் இல்லை. அரை நிலவு, முழு நிலவில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைப்போம். உண்மையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. மீதி வெளிச்சத்தின் பெரும்பகுதியை அந்த நிழல்கள் விழுங்கிவிடுகின்றன, உங்கள் படத்துக்கு வேண்டியதும் அந்த நிழல்களே. வரும் 26ஆம் தேதி வளர்பிறை அரை நிலவு. குடியரசு நாள் விடுமுறையும் கூட. அன்று மாலை இருட்டியதும் நிலவு ஏறத்தாழத் தலைக்கு மேலே நிற்கும்.

அளவுக் கணக்கு ஒன்று. லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அதன் மி.மீ. எண்ணை, 110ஆல் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் உணரியின் மீது விழும் நிலவின் விட்டம் கிடைக்கும். 300 மி.மீ. லென்ஸில் அது 2.7 மி.மீ. உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.0039 மி.மீ. என்பதால் நிலவு 700 பிக்சல் அகலத்துக்கு வரும். கைபேசித் திரையை நிறைக்க அது தாராளம். ஒரு பிக்சல் நிலவில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் இருபது பிக்சல் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். சந்திரயான்-3 இறங்கிய இடத்தைக் காட்ட முடியுமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். தென் துருவத்தை ஒட்டிய அந்தப் பகுதியைச் சுட்டிக் காட்டலாம். சில மீட்டர் அகலமே உள்ள கலத்தை, பூமியிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியாலும் காட்ட முடியாது.

வியாழன் இந்த மாதம் 10ஆம் தேதி சூரியனுக்கு நேரெதிரே வந்தது. இப்போது மிதுன ராசியில் இரவு முழுவதும் தெரிகிறது. அதன் கோண விட்டம் 46 கோண விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு கோண விநாடி), உங்கள் லென்ஸில் 17 பிக்சல். பட்டைகளை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று கண்ட துணைக்கோள்கள் நிச்சயமாகக் கிடைக்கும். கோளத்துக்கு ஐஎஸ்ஓ 400இல் 1/100 போதும், துணைக்கோள்களுக்கு ஐஎஸ்ஓ 1600இல் 1/4 நொடி வையுங்கள். அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியே அவற்றைக் கோடாக்கிவிடும், ஏனென்றால் வானம் நொடிக்கு 15 கோண விநாடி நகர்கிறது. உங்கள் லென்ஸில் அது ஐந்தாறு பிக்சல்.

கருங்கல் ஜூம் (13 ஜனவரி 2026)

என்னிடம் இருப்பது நிக்கான் பி900. 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ. நிலவு சட்டகத்தை நிறைத்துவிடுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இரண்டு வாரமாகச் சனியை எடுக்கிறேன். இணையத்தில் எல்லோரும் காட்டும் வளையம் எனக்கு வரவேயில்லை. ஒரு சிறு உருண்டையில் ஊசி குத்தியது போல இருபுறமும் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்குள் ஏதாவது நகர்ந்துவிட்டதா என்று பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தக்கலை டீச்சர் (13 ஜனவரி 2026)

எண்ணூறு ரூபாய் போனதற்கு வருந்துகிறேன். கேமராவில் பழுது இல்லை, சனிதான் அப்படி நிற்கிறது. 2025 மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. வளையம் மிக மெல்லியது என்பதால் விளிம்பை மட்டும் காட்டும்போது காணாமலே போய்விடுகிறது. இப்போதும் ஓரிரு பாகை அளவே சாய்ந்திருக்கிறது. நீங்கள் கண்ட ஊசிதான் வளையம். ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032இல் முழு அளவுக்குத் திறக்கும். நீங்கள் பார்த்த இணையப் படங்கள் பழைய ஆண்டுகளுக்கு உரியவை. இன்றைய ஊசிப் படத்தை அழித்துவிடாமல் தேதி போட்டு வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒன்று சேர்த்தால், வளையம் திறப்பதை ஏழு படங்களில் காட்டிவிடலாம்.

2000 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 35 மி.மீ. பிலிம் சட்டகத்துக்குச் சமமாகக் கணக்கிட்ட எண். அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ., முழு ஜூமில் துளை எஃப் 6.5. வகுத்துப் பார்த்தால் ஒளி நுழையும் வாசல் 55 மி.மீ. அகலம். தோவாளைத் தம்பியின் 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் திறந்தால் 54 மி.மீ. வாசல்! எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை முடிவு செய்வது இந்த வாசல்தான், பெட்டியில் அச்சிட்ட மடங்கு அல்ல. உங்கள் கேமராவின் பிக்சல்கள் மிகச் சிறியவை என்பதால் சனியின் கோளம் இருபது பிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாகவும், வளையம் நுனிக்கு நுனி ஐம்பது பிக்சலாகவும் விழுகின்றன. தம்பியின் கேமராவில் அது பதினான்கு பிக்சலோடு நின்றுவிடும். உங்களுக்குள்ள உண்மையான அனுகூலம் அதுவே.

முட்டம் விளக்கு (14 ஜனவரி 2026)

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறேன். என் அலைபேசியை நிலவை நோக்கி நீட்டினேன். ஒரே நொடியில் கடல், மலை, பள்ளம் எல்லாம் வந்துவிட்டன. கையில் பிடித்தே எடுத்தது. டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் நண்பர்களின் படங்களைவிட அது தெளிவாக இருக்கிறது. காலம் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளலாமே?

வடசேரி ஸ்டுடியோ (14 ஜனவரி 2026)

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல நிலாப் படம் ஒன்றைக் கணினியில் எடுத்து, பள்ளங்கள் எதுவும் தெரியாத அளவுக்கு மங்கலாக்கிச் சிறிதாக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையில் அதை மட்டும் வைத்து, எதிர்ச்சுவரோரம் நின்று உங்கள் அலைபேசியால் எடுங்கள். திரையில் இல்லாத பள்ளம் படத்தில் இருந்தால், அதை எடுத்தது உங்கள் லென்ஸ் அல்ல.

நிலவு எப்போதும் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதால், அந்த முகத்தைக் கருவிக்கு மனப்பாடம் செய்விப்பது எளிது. கல்யாணப் பெண்ணின் முகத்துக்குப் பதிலாக ஆல்பத்தில் வேறொரு பெண்ணின் முகத்தை ஒட்டிக் கொடுத்தால் எனக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

முட்டம் விளக்கு (16 ஜனவரி 2026)

பொங்கல் அன்று இரவு சோதனையைச் செய்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். திரையில் இருந்தது வெறும் சாம்பல் நிற மங்கல் வட்டம். அலைபேசிப் படத்தில் கோடுகளும் பள்ளங்களும் வந்திருந்தன. இரண்டு முறை எடுத்தும் அப்படியே. அதே அலைபேசியால் வியாழனை எடுத்தபோது மட்டும் வெறும் ஒளித் திட்டு. அதன் முகத்தை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

தம்பி மகனிடம் 10x50 பைனாகுலர் ஒன்று கிடந்தது. அதைக் கதவு நிலையோடு கட்டி, கண் வைக்கும் கண்ணாடியில் அலைபேசியின் லென்ஸை ஒட்டிப் பிடித்து, அலைபேசி தானாகச் செய்யும் அலங்காரங்களை எல்லாம் அணைத்துக் கையால் அமைக்கும் முறையில் எடுத்துப் பழகுகிறேன். இப்போது மாலையில் நிலவு இல்லாததால் எதிர்க்கரைத் தெருவிளக்கே எனக்கு நிலவு.

தக்கலை டீச்சர் (16 ஜனவரி 2026)

தெருவிளக்கில் பழகுவது நல்ல முறை. இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. நிலவு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றாலும், தலையை மெல்ல அசைப்பது போல இடவலமாகவும் மேல்கீழாகவும் சில பாகைகள் ஆடுகிறது. அதனால்தான் காலப்போக்கில் அதன் மேற்பரப்பில் 59 விழுக்காட்டை நாம் பார்த்துவிடுகிறோம். வலது விளிம்புக்கு அருகில் முட்டை வடிவில் தனியாகக் கிடக்கும் கருந்திட்டை, மாரே கிரிசியம் என்பதை, சில மாத இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிடுங்கள். விளிம்புக்கும் அதற்குமான இடைவெளி மாறியிருக்கும். உங்கள் படத்தில் அந்த மாற்றம் பதிவாகியிருந்தால், அது அன்றைய இரவில் எடுத்த படம்தான்.

மணக்குடிக் கடலோரம் (18 ஜனவரி 2026)

கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் மாவட்டத்தின் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் மனிதனே ஆடுவான், முக்காலி எம்மாத்திரம்? ஆகவே தை, மாசி, பங்குனியை விட்டுவிட்டால் ஒழுங்கான வானத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கடற்கரையில் எடுப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முக்காலியை வெறும் மணலில் நிறுத்தினால், ஃபோகஸ் சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு கால் மட்டும் இறங்கிவிடும். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து மணலில் பாதி புதைத்து, அவற்றின் மேல் கால்களை ஊன்றுங்கள், அசையாது. காற்று அடித்தால் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். அந்தப் பை ஊஞ்சலாடி முக்காலியையும் ஆட்டும். பையின் அடிப்பாகம் மணலைத் தொடுமாறு கயிற்றை நீளமாக விடுங்கள். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.

உப்புத் துளி லென்ஸில் படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புப் பொடி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, பின்பு சற்று ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு உலர்த்துங்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நான் அலமாரியில் வைத்திருந்த லென்ஸ் ஒன்றில் ஒரே மழைக்காலத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. விற்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

தக்கலை டீச்சர் (18 ஜனவரி 2026)

சிரட்டை யோசனைக்கு நன்றி. காற்றைக் குறை சொன்ன நீங்கள், நம் இடத்தின் நன்மையையும் சொல்லியிருக்கலாம். நாம் 8 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம். கோள்கள் செல்லும் பாதை நமக்கு ஏறத்தாழத் தலைக்கு மேலேயே போகிறது. இன்று வியாழன் உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 76 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே மிகத் தாழ்ந்து செல்லும் காலத்தில்கூட ஒரு கோள் நமக்கு ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே உச்சியைக் கடப்பதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் அந்தக் காலங்களில் மரங்களுக்கு மேல் எட்டிப் பார்த்து எடுக்கிறார்கள். உயரம் ஏன் முக்கியம் என்றால், தலைக்கு மேலே ஒளி கடக்கும் காற்றைப் போல அடிவானத்தில் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அடுப்பின் மேல் தெரியும் சுவர் நெளிவது போல அத்தனை காற்றும் படத்தை நெளிக்கும்.

மொட்டை மாடியின் காங்கிரீட் பகல் முழுவதும் குடித்த சூட்டை இரவு ஒன்பது மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். கோளை எடுப்பதென்றால் மாடியைவிட முற்றமோ தோப்போ நல்லது, மாலையைவிடப் பின்னிரவு நல்லது. அந்த வகையில் மூன்று மணிக்கு எழுந்திருக்கும் தோவாளைத் தம்பி கொடுத்துவைத்தவர்.

குமரிமுனைப் படக்காரன் (20 ஜனவரி 2026)

இந்த மாதத் தொடக்கப் பௌர்ணமியில் நான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால், சிலையின் உயரத்துக்குச் சமமாக நிலவு எழுகிறது. கடற்கரையிலிருந்து 50 மி.மீ. லென்ஸில் எடுத்தது. மூவாயிரம் பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருங்கள், நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தக்கலை டீச்சர் (20 ஜனவரி 2026)

அழகான படம். ஆனால் கணக்கு அதை ஏற்கவில்லையே. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. சிலை மட்டும் 29 மீட்டர். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் அது மூன்று பாகைக்கு மேல் உயர்ந்து தெரியும். நிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது கடற்கரையில் நிற்பவருக்கு, ஆறு நிலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வள்ளுவரின் உயரம் வரும். உங்கள் படத்தில் ஒரே நிலவு அந்த உயரத்துக்கு நிற்கிறது. எந்த லென்ஸைப் போட்டாலும் இந்த விகிதம் மாறாது. லென்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

குமரிமுனைப் படக்காரன் (21 ஜனவரி 2026)

சரி, இரண்டு படங்களைச் சேர்த்ததுதான். நிலவை வேறு லென்ஸில் எடுத்து ஒட்டினேன். பார்ப்பவர்கள் மகிழ்கிறார்கள். கலை என்று ஒன்று இல்லையா?

வடசேரி ஸ்டுடியோ (21 ஜனவரி 2026)

இருக்கிறது. நானும் ஐம்பது ஆல்பங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிலவுக்குள் உட்கார வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. "எடுத்தேன்" என்று எழுதிய இடத்தில் "சேர்த்தேன்" என்று எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

உண்மையிலேயே எடுக்க ஆசை இருந்தால் பின்னால் போங்கள். சிலையும் நிலவும் ஒரே உயரம் தெரிய வேண்டுமென்றால் டீச்சரின் கணக்குப்படி மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும், பீடத்தையும் சேர்த்தால் நான்கரை கிலோமீட்டர். நிலவு கிழக்கே எழுவதால் நீங்கள் சிலைக்கு மேற்கே இருக்க வேண்டும். கரையோரமாகக் கோவளம் திசையில் போனால் அந்தத் தொலைவு கிடைக்கும். இடையில் கட்டடங்களும் தென்னைகளும் பீடத்தை மறைக்கலாம் என்பதால் பகலிலேயே போய், எந்த இடத்திலிருந்து சிலை எந்தத் திசையில் தெரிகிறது என்று திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நிலவு எழும் திசை நாளுக்கு நாள் மாறும். குறித்த திசையில் அது எழும் நாள் ஆண்டில் சிலதான் வரும், அன்று மேகமும் இருக்கக்கூடாது. பௌர்ணமிக்கு முந்தின நாளை முதலில் பாருங்கள். அன்று சூரியன் மறைவதற்குள் நிலவு எழுந்துவிடும், சிலையிலும் வெளிச்சம் மிஞ்சியிருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் சிலை வெறும் கருநிழல்.

தோவாளைக்காரன் (27 ஜனவரி 2026)

பொங்கல் பூ வேலை முடிந்து இப்போதுதான் நேரம் கிடைத்தது. நேற்று விடுமுறை. அக்கா வீட்டு முற்றத்தில், கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனின் முக்காலியை வாங்கி வைத்து, மாலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். நிலவு அவ்வளவு உயரத்தில் நின்றதால் கேமரா வானத்தைப் பார்த்து மல்லாந்துவிட்டது. பின்திரையைப் பார்க்க நான் பாயை விரித்துத் தரையில் படுக்க வேண்டியிருந்தது. அக்காவின் மகள் வந்து, "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/100. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் நடுவில் மூன்று பெரிய வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மேலே இருந்தது அகலமாக, தோசைக்கல் போலத் தட்டையாக. கீழே இருந்ததன் சுவர் நிழல் அதன் தரையில் பாதியை மூடியிருந்தது. அதற்கு வடக்கே ஒரு மலைத்தொடர் வளைந்து இருளுக்குள் போகிறது. இருட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி தனியாக ஒளிர்ந்தது. தூசியோ என்று நினைத்து லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதே இடத்தில் இருந்தது. அரை மணி கழித்து எடுத்தபோது அந்தப் புள்ளி சற்றுப் பெரிதாகியிருந்தது.

வியாழனை ஒன்பது மணிக்கு மேல் எடுத்தேன். 1/4 நொடியில் கோளம் வெளிறிப்போனாலும், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் புள்ளிகள் வந்துவிட்டன. இன்று அதிகாலை சந்தைக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, நான்கு சாக்கு மல்லியின் மேல் கேமராவை வைத்து மறுபடி எடுத்தேன். புள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்குள் மாறும் என்று நான் நினைக்கவில்லை.

தக்கலை டீச்சர் (27 ஜனவரி 2026)

மூன்று வட்டங்களும் டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கெல். தோசைக்கல் என்று நீங்கள் சொன்ன டாலமேயஸ் 150 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ளது. நாகர்கோவிலிலிருந்து மதுரையை நோக்கி அந்தத் தொலைவு போனால் கோவில்பட்டியைத் தாண்டிவிடுவீர்கள். மலைத்தொடர் அப்பெனைன்ஸ். இருட்டில் தனியாக ஒளிர்ந்தது, கீழே தரையில் இன்னும் விடியாதபோது உச்சியில் மட்டும் வெயில் பட்ட ஒரு மலைமுகடு. அது பெரிதானதற்குக் காரணம் வெயில் அதன் சரிவில் கீழே இறங்கியது. நிலவில் ஒரு விடியலைப் பார்த்திருக்கிறீர்கள்.

துணைக்கோள்களில் உள்ளே இருக்கும் அயோ 1.77 நாளில் வியாழனைச் சுற்றிவிடுகிறது. ஆறு மணி நேரத்தில் அது இடம் மாறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கருங்கல் ஜூம் (29 ஜனவரி 2026)

வியாழனில் பட்டைகள் வேண்டும் என்று எண்ணியவர்களுக்கு, பத்து நாள் முயற்சியில் எனக்குக் கிடைத்த வழி. ஒரு படமாக எடுக்காமல் இரண்டு நிமிட வீடியோவாக எடுங்கள். கோளம் வெளிறாதபடி ஒளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் படங்கள் கிடைக்கின்றன, அவற்றில் காற்று அசையாமல் நின்ற கணங்களும் சில இருக்கும். பிப் என்ற இலவச மென்பொருளில் கோளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஆட்டோஸ்டாக்கர்ட்டில் நல்ல படங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கினேன். பத்து மணி நேரத்துக்குள் வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால் வீடியோவை நீட்டிக்கொண்டே போகக்கூடாது.

மூவாயிரத்தில் முந்நூறு படங்களை அடுக்கியதும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பழுப்புப் பட்டைகள் வந்தன. மிகச் சிறிய படம்தான், தபால் தலையைவிடச் சிறியது. கூர்மையாக்கும் பொத்தானைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினால் இல்லாத வளையங்களெல்லாம் முளைக்கின்றன. முட்டம் விளக்கின் அலைபேசி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

முட்டம் விளக்கு (29 ஜனவரி 2026)

நினைவுகூர்ந்ததற்கு நன்றி. பைனாகுலர் வழியாக எடுத்த அரை நிலவை இணைத்திருக்கிறேன். மங்கல்தான், ஓரங்களில் ஊதா நிறமும் ஒழுகுகிறது. ஆனாலும் மாரே கிரிசியத்தை அளந்து குறித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 3 மாசிப் பௌர்ணமி அன்று சந்திர கிரகணம் என்கிறார்களே, நமக்குத் தெரியுமா? அதற்கு லென்ஸில் பில்டர் போட வேண்டுமா?

தக்கலை டீச்சர் (30 ஜனவரி 2026)

பில்டர் வேண்டாம். அது சூரியனுக்கு மட்டும், அங்கே கட்டாயம். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது நான் லென்ஸின் முன்புறம் பில்டரைக் கட்டிவிட்டுத்தான் கேமராவை மேலே திருப்பினேன். சந்திர கிரகணத்தில் ஒளி குறையத்தான் செய்கிறது.

முழு மறைவு இந்திய நேரப்படி மாலை 4.34க்குத் தொடங்கி 5.33க்கு முடிந்துவிடும். அப்போது நிலவு நமக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஆறரை மணி அளவில் எழும்போது ஓரத்தில் பூமியின் நிழல் ஒட்டியிருக்கும், 6.47க்கு அதுவும் விலகிவிடும். ஆக நமக்குக் கிடைப்பது கால் மணி நேரம், அதுவும் அடிவானத்தின் புகைமூட்டத்தில். கிழக்கே கடல் திறந்திருக்கும் இடம் வேண்டும், வட்டக்கோட்டைக் கரை பொருந்தும். அந்த நேரத்தில் ஸ்டுடியோக்காரரின் எஃப் 11 வாய்ப்பாடு உதவாது, தாழ்ந்த நிலவின் ஒளியில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். ஐஎஸ்ஓ 400இல் 1/30 தொடங்கி 1/250 வரை ஒவ்வொரு படியிலும் ஒன்று எடுத்துக்கொண்டே போங்கள். நிலவு தட்டையாக அமுங்கித் தெரிந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம், காற்று ஒளியை வளைப்பதால் அப்படித் தெரிகிறது.

மணக்குடிக் கடலோரம் (30 ஜனவரி 2026)

ஐந்தரைக்கே நான் அங்கே இருப்பேன். ஃபோகஸைச் சரிசெய்ய நிலவு வரும்வரை காத்திருக்காதீர்கள். தூரத்தில் நிற்கும் படகு ஏதேனும் ஒன்றில் சரிசெய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா போட்டுவிடுங்கள்.

தோவாளைக்காரன் (31 ஜனவரி 2026)

நானும் வருகிறேன், அண்ணா. அன்று செவ்வாய்க்கிழமை, காலைச் சந்தை முடிந்து மதியம் தூங்கி எழுந்து நேராக வந்துவிடுவேன். முக்காலி நண்பனுடையது, சிரட்டை மட்டும் அக்கா வீட்டிலிருந்து ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்படும்.